சூடு பார்க்காமல் கால் கழுவ வேண்டாம்

பெரிய வியாழன் பின்னேரம், பெரிய வெள்ளிக்கு முதல் நாள். இயேசு சீடரின் கால் கழுவியதை நினைத்துப் பாதர் பன்னிரண்டு பேரின் கால் கழுவும் பூசை. கோயிலில் பன்னிரண்டு கதிரை போட்டாகிவிட்டது. பேசின் இருக்கிறது, துவாய் இருக்கிறது, பீடப்பணிப் பொடியள் வெள்ளை அங்கியோடு நிற்கிறார்கள். தண்ணீரை மட்டும் ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் யாராவது கிணற்றடிக்கு ஓடுவார்கள். இல்லாவிட்டால் பாதர் தங்கும் அறைவீட்டுக் குசினியில் கொதித்த கேத்தல் அப்படியே வந்து சேரும்.

இதைச் சின்ன விஷயம் என்று விடமுடியாது. வயது போனவர்கள் இருக்கும் வரிசையில் யாராவது ஒருவருக்குச் சீனி வருத்தம் இருக்கும். நாட்பட்ட சீனி வருத்தம் பாதத்தின் உணர்வைக் கொண்டுபோய்விடும். கொதிதண்ணீரை ஊற்றினாலும் அவர் காலை இழுக்க மாட்டார். பாதர் அல்லவா கழுவுகிறார் என்ற மரியாதையில் சிரித்துக்கொண்டே இருப்பார். அடுத்த நாள் தோல் பொங்கி நிற்கும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும்.

மன்னிப்பு, தாழ்ச்சி, தொண்டு மூன்றையும் பற்றி மறையுரைகளில் நிறையக் கேட்கிறோம். பெரும்பாலும் அது மனத்தைப் பற்றிய பேச்சு. கை என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நல்ல மனத்தோடு பிழையாகச் செய்யப்பட்ட தொண்டால் வன்னிச் சனம் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. ஆகவே இங்கே கைவேலையைப் பற்றி மட்டும்.

முதலில் வியாழக்கிழமை. ஒருவருக்கு ஒரு பாதம் என்றால் அரை லீற்றர் தண்ணீர் தாராளம். பன்னிரண்டு பேருக்கு ஆறு லீற்றர், கைகாவலுக்கு இன்னும் இரண்டு. பச்சைத்தண்ணீரில் சுடுதண்ணீரைக் கலக்க வேண்டும், மறுபக்கமாக அல்ல. சூட்டைக் கைவிரலால் பார்க்கக்கூடாது. அடுப்படியில் பழகிய விரலுக்குச் சூடு உறைக்காது. முழங்கையை விட்டுப் பாருங்கள்: சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும் பதம். துவாய் ஒன்று போதும் என்று நினைப்பது அடுத்த பிழை. நாலாவது ஆளுக்கு வரும்போதே அது நனைந்து போயிருக்கும், ஒருவருடைய சேற்றுப்புண் இன்னொருவருக்குப் போகவும் வழி. பன்னிரண்டு சின்னத் துவாய் வேண்டும். ஊற்றுவதற்கு மூக்குள்ள ஒரு செம்பு, கழுவின தண்ணீர் விழ ஒரு பேசின், நடுவில் ஒருமுறை ஊற்றிவிட ஒரு வாளி. மூன்று பொடியள் போதும்: ஒருவன் பேசினுக்கு, ஒருவன் செம்புக்கு, ஒருவன் துவாய்க்கு.

யாரைத் தெரிவது என்பதில்தான் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோயிலின் சனத்துக்குள்ளும், புகைச்சல் கிளம்பும். கால் கழுவும் சடங்கைப் பெரிய வியாழன் பூசைக்குள் கொண்டுவந்தது 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் செய்த திருத்தம். நெடுங்காலம் ஆண்கள் மட்டும்தான். 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த விதியை மாற்றினார். ஆண், பெண், இளையோர், முதியோர், சுகமுள்ளவர், நோயாளி என்று இறைமக்களின் எல்லாத் தரப்பிலிருந்தும் ஆட்களைக் கூப்பிடலாம். அப்படி இருந்தும் பல இடங்களில் ஒவ்வொரு சபையின் தலைவரும் ஒரு கதிரை, கோயில் கட்டக் காசு தந்தவர் ஒரு கதிரை என்றுதான் நடக்கிறது. வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, வாசனைப் பவுடரும் பூசிய பன்னிரண்டு பாதங்கள் வந்து வரிசையில் இருக்கும். களை பிடுங்கப் போகும் அக்கா, குளத்தில் வலை போடுகிறவர், பஸ் நிலையத்தைக் கூட்டுகிறவர், கோயிலின் கடைசி வாங்கில் இருந்துவிட்டு ஆசீருக்கு முன்னமே எழும்பிப் போகும் கைம்பெண் ஆகியோரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கிழமைக்கு முன்னமே அவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். பூசை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இருத்துவது கூப்பிடுவது அல்ல.

கால் இழந்தவரைக் கூப்பிடும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஜெய்ப்பூர்க் கால் போட்டவரிடம் எந்தப் பக்கம் என்று முன்னமே தனியாகக் கேட்டுத் தெரிந்து, கழுவும் பாதம் வெளிப்பக்கம் வரும்படி கதிரையைப் போடுங்கள். சபைக்கு முன்னால் சாறத்தைத் தூக்கிக் காட்டும் நிலைக்கு அவரை ஆளாக்க வேண்டாம். வரமாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். கால் இழந்தவர் ஒருவர் வரிசையில் இருந்தால் படத்துக்கு நல்லது என்ற எண்ணம் யாருக்காவது வருமானால், அந்த ஆளைப் படம் எடுக்கும் வேலையில் இருந்து முதலில் நிறுத்துங்கள்.

வீட்டுக்குப் போகும்போது

யோவான் 13இல் இயேசு சீடரின் பாதங்களைக் கழுவி முடித்து, நீங்களும் ஒருவர் மற்றவருடைய பாதங்களைக் கழுவுங்கள் என்கிறார். அது ஆண்டுக்கு ஒருநாள் சடங்காகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, தனியாகக் கிடக்கும் வயோதிபர் இல்லாத ஊர் வன்னியில் இல்லை. குனிந்து தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாதவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை கால் கழுவிவிடுவது, எந்தச் செலவும் இல்லாத ஒரு முழுத் தொண்டு.

செய்யும் முறை இது. மிதமான தண்ணீர், மெல்லிய சவர்க்காரம், மூன்று நாலு நிமிடம். நெடுநேரம் ஊறவைத்தால் தோல் வெளுத்து வெடிக்கும். பிறகு துடைப்பது. எல்லோரும் பாதத்தின் மேற்பக்கத்தைத் துடைத்துவிட்டு எழும்புவார்கள், விரலிடுக்குகள் ஈரமாகவே இருக்கும். புண் தொடங்குவது அங்கேதான். ஒவ்வொரு இடுக்காகத் துவாய் நுனியை விட்டு ஒற்றி எடுங்கள். குதிக்கால் வெடிப்புக்கு வாஸ்லின் பூசலாம், விரலிடுக்கில் பூசக்கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். உணர்வு குறைந்த காலாக இருந்தால் நகவெட்டியை எடுக்கவே வேண்டாம், கிளினிக்கில் பார்க்கட்டும்.

துடைத்த பிறகு பாருங்கள், அதுதான் பாதி வேலை. வெளிச்சத்தில் உள்ளங்கால், குதி, விரல் நுனி, இடுக்கு எல்லாம். உடைமுள் குத்தி நாலு நாளாகியும் தெரியாமல் நடந்து திரிகிறவர்கள் உண்டு. புதுச்செருப்புக் கடித்த கொப்புளம், கறுத்த இடம், மணம், சீழ் எது கண்டாலும் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு காத்திருக்கக்கூடாது. கறுப்போ மணமோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ப்பிடித்த இடத்தை பிளேட்டால் சீவுவது, விறைக்கிறது என்று சுட்ட செங்கல்லால் ஒத்தடம் கொடுப்பது இரண்டும் கால் கழற்றும் இடத்தில் கொண்டுபோய் விடக்கூடிய பழக்கங்கள். அங்கே அன்பு குறைவில்லை, அறிவுதான் குறைவு.

படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பு, குதிக்கால், நாரியின் அடி எலும்பு இவற்றில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அமத்தி எடுத்ததும் வெளுத்துப் பிறகு சிவந்தால் நல்லது. அமத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், பாரத்தை எடுத்துவிடுங்கள். மலசலம் எடுக்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழக வேண்டும். அது முடியாதவர் வீட்டு முற்றத்தைக் கூட்டிக்கொடுக்கலாம், தண்ணீர் அள்ளிவைக்கலாம். எல்லாருக்கும் எல்லா வேலையும் சரிவராது.

புனித யோசப் வாஸ் 1687இல் இலங்கைக்கு வந்தபோது, ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்ததால், கூலியாள் வேசத்தில்தான் வந்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவிச் சொந்தக்காரர்களே நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, அவரும் உடன் குருவும் குடில் போட்டுக் கஞ்சி கொடுத்து, புண் கழுவி, செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். 2015 ஜனவரி 14 காலை கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ் அன்று பின்னேரமே மடு மாதா கோயிலுக்கு வந்தார். வாஸ் அடிகளின் சுருவத்துக்கு (சிலைக்கு) மாலை போடும் பங்குகளில் அம்மைக்குடில் வேலையைச் செய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

வீடு சந்திப்புக்கு இருவராகப் போங்கள். லூக்கா 10இல் சீடர்களை இருவர் இருவராக அனுப்பியதும், 1833இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபை இன்றுவரை இருவராகப் போவதும் சும்மா இல்லை. ஒருவர் கதைக்க மற்றவர் கேட்கலாம், வீண் கதைக்கு இடமில்லை, பிறகு ஒருவரின் நினைவை மற்றவர் திருத்தலாம். சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். சமைக்க ஒன்றும் இல்லாத வீட்டில் உங்களுக்குப் பிளேன்ரீ போடச் சீனி கடன் வாங்க ஓடுவார்கள். நாலு மணிக்குப் பிறகு, அரை மணித்தியாலம். கைத்தொலைபேசி பைக்குள். அங்கே கண்டதைப் பிறகு வட்ஸ்அப் குழுவில் போடுவது பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொன்னதை வெளியில் சொல்வதற்கு அடுத்தபடி.

உலர் உணவுப் பொதி கொடுப்பதைப் பற்றி ஒரு கணக்கு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால், நாலு பேருள்ள வீட்டுக்கு ஒரு கிழமைக்கு 11 கிலோ. ஐந்து கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் போட்ட பொதி மூன்று நாளைக்குத்தான் காணும். அதோடு காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் அரிசி கொடுப்பதில் அர்த்தம் குறைவு, அப்போது கூலியும் நெல்லும் ஓரளவு கையில் இருக்கும். கஷ்டம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். விதைத்தாயிற்று, களைவேலை மழையால் நின்றுபோகும், வீட்டில் பழைய நெல் முடிந்திருக்கும். சந்திப்புக்குப் போனவர்களிடம் கேட்டால் அரிசியை விடக் கிளினிக் போக பஸ் காசு, வாசிக்கக் கண்ணாடி, பொம்பிளைப் பிள்ளைகளுக்கான மாதாந்தத் துணி என்று வேறு பட்டியல் வரும். யாரும் வாய்விட்டுக் கேட்காத சாமான்கள் அவை. பொதி வாங்க வருகிறவரைச் செபக்கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் இருத்திவிட்டுக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பக்கத்து வீட்டுச் சைவக்காரருக்கு அது என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். கொடையாகப் பெற்றீர்கள், கொடையாகக் கொடுங்கள் என்பது மத்தேயு 10:8.

கோவக்காரர்

எங்கள் பேச்சில் "அவையும் நாங்களும் கோவம்" என்றால் கதை பேச்சு இல்லை என்று பொருள். பத்து வருடக் கோபத்துக்குக் காரணம் பெரும்பாலும் சின்னது: வேலிக் கதியால் ஒரு அடி தள்ளி நட்டது, முறைத் தண்ணீரை இரவில் திருப்பியது, சீட்டுக் காசு, கட்டாக்காலி மாடு. செத்தவீட்டில் மட்டும் முகம் பார்ப்பார்கள், எட்டாம் நாள் முடிந்ததும் மறுபடி அதே கோபம்.

ராசியாவதற்கு, அதாவது கோபம் தீர்ந்து மறுபடி கதைப்பதற்கு, மத்தேயு 18:15-17 ஒரு வரிசை தருகிறது. முதலில் அவரும் நீங்களும் தனியாக. சரிவராவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. அதன் பிறகுதான் சபை. வன்னியில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் பாதருக்குச் சொல்வது, பிறகு ஊரைக் கூட்டுவது, அதற்குள் கனடாவில் இருக்கும் தம்பி தொலைபேசியில் ஏசி, பெட்டிசமும் எழுதி முடிந்துவிடும். இருவரும் தனியாக ஒருமுறை கதைத்திருக்கவே மாட்டார்கள். சபையை முதலிலேயே கூப்பிட்டால் எதிராளிக்கு முகம் காப்பாற்றுவதே வேலையாகிவிடும், பிழையை ஒத்துக்கொள்ள இடம் இராது.

தனியாகப் போவதென்றால் பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போது. குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். படலைக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள், அவர் வாங்கோ என்றால் உள்ளே போங்கள். மன்னிப்பை வொய்ஸ் மெசேஜில் அனுப்பாதீர்கள், அரை மணித்தியாலத்தில் அது லண்டன் வரை போய்த் திரும்பி வரும்.

சொல்லும் வசனம் முக்கியம். "நான் ஏதும் பிழையாக் கதைச்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பது மன்னிப்புக் கேட்பது அல்ல, "இருந்தா" என்ற சொல் எல்லாவற்றையும் தின்றுவிடும். "அண்ணை, அண்டைக்கு வாய்க்காலடியில உங்களைக் கள்ளன் எண்டு சொன்னது என்ர பிழை" என்று செய்த காரியத்தைப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். பிறகு "ஆனா நீங்களும்" என்று தொடங்காதீர்கள். அவர் பிழையை அவர் சொல்லட்டும், சொல்லாமலும் விடட்டும். உடனே பதில் வராவிட்டால் வந்துவிடுங்கள். கேட்கிறவர் பக்கமும் ஒன்று: "பரவாயில்லை, விடுங்கோ" என்பது பல நேரம் கதையை மூடும் சொல்தான். "அது எனக்கு நல்லா நொந்தது. இனி நான் அதை வைச்சுக்கொள்ளேல்லை" என்று இரண்டையும் சொன்னால்தான் விஷயம் முடியும்.

நட்டம் இருந்தால் ஈடு இல்லாமல் ராசி நிலைக்காது. கத்தோலிக்கர் படிக்கும் பாவசங்கீர்த்தன முறையிலும் நினைத்தல், மனம் வருந்துதல், இனிச் செய்யேன் என்ற தீர்மானம், குருவிடம் சொல்லுதல், பரிகாரம் என்று ஐந்து உண்டு. கடைசியை மூன்று அருள்நிறை மரியேயோடு முடித்துவிடப் பார்ப்போம். களவெடுத்த சாமானைத் திருப்பிக் கொடுக்காமல் அது முடியாது. வெளியில் தெரிய வெட்கம் என்றால் குருவின் கையில் கொடுத்துச் சேர்ப்பிக்கலாம், அவர் பேரைச் சொல்ல முடியாது.

மாடு வயலுக்குள் போன கதையையே எடுத்துக்கொள்வோம். விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரம் இதற்கென்றே சட்டம் வைத்திருக்கிறது: மாட்டுக்காரர் தன் வயலின் நல்ல விளைச்சலிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். செய்யும் முறை: அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது, ஒருவர் தனியாகப் பார்த்தால் அளவு வளர்ந்துவிடும். மேய்ந்த துண்டை அடிக்கணக்கில் அளந்து நாலு மூலையிலும் தடி நடுங்கள். பயிர் இளசாக, மட்டம் வெடிக்கும் (பக்கத்தண்டு விடும்) முன் மேய்ந்திருந்தால் பெரும்பாலும் திரும்பத் தழைக்கும். இரண்டு கிழமை பொறுத்து மறுபடி பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். குடலைப் பருவத்துக்கு (கதிர் உள்ளே திரளும் பருவத்துக்கு) பிறகு மேய்ந்தது போனது போனதுதான்.

துண்டு 40 அடிக்கு 30 அடி என்று வையுங்கள், 1,200 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. ஏக்கருக்கு 30 மூடை விளையும் வயலென்றால் நட்டம் முக்கால் மூடைக்குச் சற்று மேல், 0.83 மூடை. எண்ணிக்கை 5:7 முழு ஈட்டோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. கூட்டினால் கிட்டத்தட்ட ஒரு மூடை வருகிறது. அறுவடையின்போது நெல்லாகவே கொடுக்கலாம். காசென்றால் விலை ஏறி இறங்கும், அதில் இன்னொரு கோபம் முளைக்கும். அந்த ஐந்தில் ஒரு பங்கு தண்டப்பணம் இல்லை. அளந்ததற்கு மேலே தானாகக் கொடுத்த அந்தக் கொஞ்சம்தான் இரண்டு வீட்டையும் மறுபடி கதைக்க வைக்கும். சக்கேயு நாலு மடங்கு தருகிறேன் என்றார் (லூக்கா 19:8), நாலு மடங்கு கேட்டு யாரும் அவரை நெருக்கவில்லை.

சரிவராவிட்டால் இணக்கசபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது. ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்யலாம், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள், சட்டத்தரணி வாதாட முடியாது. விசுவாசிகள் அங்கே போவது இழிவு என்று நினைக்கத் தேவையில்லை, மத்தேயு சொன்ன இரண்டாம் படிக்கு அது கிட்டத்தட்டப் பொருந்திப் போகிறது.

கடன் மன்னிப்பதில் ஒரு குறிப்பு. மத்தேயு 18இன் உவமையில் ஒரு வேலையாள் 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து 6,000 தெனாரியம் அளவு, ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஆக ஆறு கோடி நாட்கூலி. அதைத் தள்ளுபடி பெற்றவன் 100 நாட்கூலி தரவேண்டிய சகவேலையாளின் கழுத்தைப் பிடிக்கிறான். நூறு நாட்கூலி சின்னத் தொகை இல்லை, ஒரு போக உழைப்பு. உவமை அதை மறைக்கவில்லை. யாருக்காவது கடனை விடுவதென்றால் தெளிவாகச் சொல்லி, எழுதின துண்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். "பாப்பம், வசதி வரேக்க தாங்கோ" என்று இழுத்தால், அந்த மனுசன் உங்கள் ஒழுங்கையால் வராமல் சுற்றிப் போய்க்கொண்டே இருப்பார்.

மன்னிப்பைச் சொல்லக்கூடாத இடங்களும் உண்டு. அடிவாங்கி வந்து நிற்கும் பெண்ணிடம் "சிலுவையைத் தாங்கு பிள்ளை, மன்னிச்சுப் போ" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மூப்பர்மாரும் மாதர்சங்கத் தலைவிகளும் எந்தப் பங்கிலும் இருக்கிறார்கள். முதலில் அவள் பத்திரமாக இருக்க இடம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைக்கு நடந்த கொடுமை என்றால் 1929. அதைப் பங்குக்குள் பேசி முடிப்பது மன்னிப்பு அல்ல, குற்றத்துக்குக் காவல்.

இனிப் பெரிய காயம். 2009 வைகாசியில் போர் முடிந்தபோது இராணுவத்திடம் கையளித்த பிள்ளையைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் தாயிடம் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. 2017 மாசி 20இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் போராட்டத்தில் இருக்கத் தொடங்கிய, காணாமல் போனோரின் அம்மாமார் கேட்டது பழி அல்ல, பதில். என்ன நடந்தது, யார் செய்தது என்று தெரியாமல் யாரை மன்னிப்பது? மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் கச்சேரியின் (மாவட்ட அரச செயலகத்தின்) கணக்கையே வைத்தார்: 2008 ஒக்டோபரில் வன்னியில் 429,059 பேர், 2009 ஜூலை 10 வரை அரச பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அது மன்னிக்காத மனம் என்று சொல்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) 1981 மே 13இல் தன்னைச் சுட்டவரை நாலே நாளில் மன்னித்தேன் என்றார், 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ப் பக்கத்தில் இருந்து கதைத்தார். வழக்கு நடந்தது, அந்த ஆள் இத்தாலியச் சிறையில் 2000ஆம் ஆண்டு வரை இருந்தார். மன்னிப்பும் தண்டனையும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

முன்வரிசைக் கதிரை

தாழ்ச்சியைப் பற்றி நீளமாக எழுதினால் அதுவே கெட்டுவிடும். சோதிக்க மூன்று இடம் காட்டலாம்.

ஒன்று, கூலி. இணைச்சட்டம் 24:15 கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. திருவிழாவில் ஒருநாள் உபயம் எடுத்து வெடி கொளுத்துபவர், களை பிடுங்கிய பெண்களைக் கூலிக்கு நாலு நாள் படலையடியில் நிற்கவைத்தால், அந்த உபயக் காசு யாருடையது? அதே அதிகாரம் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே என்கிறது. வெட்டு மெசின் வந்தபிறகு மூலைகளில் விடுபடும் கதிரைப் பொறுக்க வருகிறவர்களைத் துரத்தாமல் விடலாம்.

இரண்டு, கூட்டம். பங்குச்சபையில் யார் பேசுகிறார்கள் என்று ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள் கோயில் சிரமதானத்துக்கு முழுக்க வரும். சபைத் தெரிவில் அவர்களின் பேர் வருகிறதா? சுருவக்கூடு தூக்குவது இன்ன இன்ன வீட்டார் என்ற பழைய வழக்கத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யும் முறைக்கு மாற்றினால், சாதிப்பேச்சு இல்லாமலே பாதிப் பிரச்சினை அவிழும். முதல் வருடம் இரண்டு வீட்டார் திருவிழாவுக்கு வரமாட்டார்கள். அவர்களின் வீட்டுக்கும் இருவராகப் போக வேண்டும்.

மூன்று, பூசை முடிந்தபிறகு. பெரிய வியாழன் இரவு நற்கருணை இடமாற்றப் பவனி முடிந்து சனம் ஆராதனைக்கு இருக்கும்போது, பீடத்துக்குப் பின்னால் அறையில் பன்னிரண்டு ஈரத்துவாய் ஒரு குவியலாகக் கிடக்கும், பேசினில் கலங்கல் தண்ணீர் நிற்கும். யார் தோய்ப்பது என்று யாரும் பேரெழுதி வைத்திருக்க மாட்டார்கள். விட்டால் சனிக்கிழமை பாஸ்கா (உயிர்ப்புத் திருவிழா) இரவுக்கு ஆயத்தம் செய்ய வரும் வயதான அம்மாதான், மணம் பிடித்த துவாயைக் கிணற்றடியில் தேய்த்துக்கொண்டிருப்பார். ஆகவே கதிரையில் இருப்போரின் பேரை எழுதும் தாளிலேயே, கீழே, தோய்ப்பவரின் பேரையும் எழுதிவிடுங்கள். சபைத் தலைவரின் பேராக இருந்தால் நல்லது. வெள்ளி காலை சவர்க்காரத்தில் ஊறப்போட்டு, இரண்டு தண்ணீரில் அலசி, மத்தியானத்துக்கு முன் கொடியில் போட்டால் சித்திரை வெயிலில் மூன்று மணிக்குள் காய்ந்துவிடும்.